சாம்பாருக்கு அழுத கண்

எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனில் மத்தியானச் சாப்பாட்டுக்கான ஷட்டர் சும்மா திறந்துவிடாது. அதற்கு முன் கேன்டீன் சூபர்வைசர் ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டுச் சாப்பிட வேண்டும். அவர் சாப்பிடுவதைத் தொழிற்சங்கச் செயலாளர் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சூபர்வைசர் தலையாட்டிய பிறகுதான் ஷட்டர் மேலே போகும். எப்போதோ ஒரு முறை ரசத்தில் பல்லி கிடந்து, மெஷின்களெல்லாம் நின்று, நிர்வாகமும் சங்கமும் கூடிப் பேசி ஏற்படுத்திய வழக்கம் இது. அந்தக் காலத்து அரண்மனைகளில் ராஜாவுக்கு முன்னால் சாப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் வைத்திருந்தார்களாம். அந்த ஆள் விழுந்தால் ராஜா சாப்பிட மாட்டார். கிட்டத்தட்ட அதே உத்தியோகம்தான் கேன்டீன் சூபர்வைசரான எனக்கும். பிராவிடண்ட் ஃபண்ட் மட்டும் கூடுதல்.

தொழிற்சாலை பெங்களூரில் இருந்தது, அரசாங்கத்துடையது. என்ன தயாரித்தோம் என்று சொன்னால் பெயர் தெரிந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் தயாரித்ததை யாரும் வாங்கவில்லை என்று சொன்னால் தெரியாது. அந்த ஊரில் அப்போது அப்படிப் பல இருந்தன. ஆர்டர் குறையக் குறைய நிர்வாகத்துக்குச் சிக்கன யோசனைகள் பெருகின. அதில் ஒன்று, கேன்டீனை வெளி கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிடுவது. சங்கம் எதிர்த்தது. ஆனால் சாப்பாடு நன்றாக இல்லை என்று தொழிலாளர்களே புகார் செய்தால், அதே சாப்பாட்டைக் காப்பாற்றுவதற்காகச் சங்கம் கொடி பிடிக்க முடியாது. இது நிர்வாகத்துக்கும் தெரியும்.

அந்தச் சாப்பாட்டைச் செய்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கோலார் தங்கவயல்காரர். தாத்தா வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அப்பாவும் அண்ணனும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். இவர் மட்டும் மாட்டேன் என்று அடுப்படிக்கு வந்துவிட்டார். "பூமிக்குள்ள போவறதுக்குன்னா கடைசில எப்படியும் நாலு பேரு தூக்கினு போவாங்க. நான் ஏன் சார் அதுக்கு முன்னாடியே நடந்து போவணும்?" என்பார். வார நாட்களில் தொழிற்சாலைக்குப் பின்னால் ஓர் அறை. சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் வீடு.

கேன்டீன் கைமாறினால் அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், ஸ்டோரில் ஹெல்பராகப் போடுவார்கள் என்று பேச்சு. சம்பளம் குறையாது. நான் அதை ஆறுதலாகச் சொன்னபோது, "சம்பளம் வரும் சார். மாஸ்டருன்னு எவன் கூப்பிடுவான்?" என்றார். ஸ்டோரில் ஏற்கெனவே இருந்த ஹெல்பர்களை எல்லோரும் "ஏய்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்த நிலையில்தான் என் முகம் கோணியது.

தொம்மலூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ். எனக்கு வழக்கமாகக் கிடைக்கிற ஸீட்டில் ஜன்னல் பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகாது, கீழேயும் வராது. டிசம்பர் காற்று முழுவதும் என் இடது கன்னத்தில் வந்து மோதும். ஒரு நாள் காலையில் காபி குடித்தால் இடது கடைவாயில் ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தேன். வலது பாதி எனக்குத் தெரிந்த முகம். இடது பாதி ராஜினாமா செய்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, இடது கண் மூடாமல், வருமான வரிக்காரன் போல எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "காலங்காத்தால யாருக்குங்க பழிப்பு காட்டுறீங்க?"

தெருவில் ஒரே அபிப்பிராயம், காற்று அடித்துவிட்டது என்று. கம்பெனி டாக்டர், முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, காரணம் பெரும்பாலும் தெரியாது என்றார். மாத்திரை கொடுத்தார். இரவில் இமையைப் பிளாஸ்திரி போட்டு மூடச் சொன்னார். பயிற்சிக்கு பலூன் ஊதச் சொன்னார். வீட்டில் யாருக்கும் பிறந்தநாள் இல்லாமலே பல வாரங்கள் பலூன் ஊதினேன். வெயில் காலம் வருவதற்குள் முகம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. ஒரே ஒரு மிச்சம்: சிரித்தால் இடது கண் தானாகக் கொஞ்சம் சுருங்கும். அப்போது நான் ஞாயிற்றுக்கிழமை மலர்களுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். தன் நகைச்சுவைக்குத் தானே கண்ணடித்துக்கொள்கிற ஆளாக ஆகிவிட்டேன். வேறு யாரும் அப்படிச் செய்யாததால் அதை ஒரு ஊக்கமாகவே எடுத்துக்கொண்டேன்.

கட்டுரை எழுதியதை இங்கே சொல்வது பெருமைக்காக இல்லை. அதனால் பிறகு ஒரு கஷ்டம் வருகிறது.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் வழக்கம் போல ருசி பார்க்க உட்கார்ந்தேன். எதிரில் செயலாளர். அவர் பழைய கன்டோன்மென்ட் தமிழர். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, இங்கிலீஷில் முடிப்பார். முதல் வாய் சாம்பார் சாதம் உள்ளே போனதும் என் இடது கண் நிறைந்தது. இரண்டாவது வாய்க்கு வழிந்தது. வலது கண் இதில் சம்பந்தப்படவே இல்லை.

"இன்னா சார், அழுவுறீங்க?" என்றார் செயலாளர்.

"காரம்" என்றேன்.

மாஸ்டர் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "காரமா? நேத்து போட்ட அதே பொடிதான் சார். நேத்து நல்லா இருந்தீங்களே?"

மறுநாள் கூட்டுக்கு அழுதேன். அதற்கடுத்த நாள் பீன்ஸ் பொரியலுக்கு. அந்த வாரக் கடைசியில் தயிர் சாதம் சாப்பிட்டபோது கன்னத்தில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. மாஸ்டர் முகம் கறுத்துவிட்டது.

"தயிர் சோத்துக்குமா சார்?"

தயிர் சாதத்தைப் பார்த்து ஒரு மனிதன் ஏன் அழ வேண்டும் என்பதற்கு என்னிடமும் விளக்கம் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று வாயால் சொன்னேன், தலையை ஆட்டினேன், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்த மூன்றில் எதை நம்புவது என்று வந்தால் மனிதர்கள் கைக்குட்டையைத்தான் நம்புகிறார்கள்.

செய்தி மெஷின் ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தது. "சூபர்வைசரே துன்னுட்டு அழுவுறாராம்" என்று. அதுவரை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டில் எதையோ தேட ஆரம்பித்தார்கள். மாஸ்டர் என் கண்ணுக்காக மிளகாயைக் குறைத்தார். கண் நிற்கவில்லை. வெங்காயத்தைக் குறைத்தார், கடுகைக் குறைத்தார், பெருங்காயத்தையும் விட்டுப் பார்த்தார். ஒரு மாதத்தில் எங்கள் சாம்பார், குளித்துவிட்டு வந்த துவரம்பருப்பு மாதிரி ஆகிவிட்டது. வதந்தியாக இருந்த புகார் இப்போது நியாயமான புகாராகிவிட்டது. நிர்வாகம் ஓசூர் ரோட்டில் சந்தாபுரா, அத்திபெலே பக்கத்துக் கம்பெனிகளுக்குச் சாப்பாடு போடுகிற ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பேசுவதாகக் கேள்விப்பட்டோம்.

வெளியிலும் நிலைமை இதேதான். தெரிந்தவர் ஒருவரின் தகப்பனார் இறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். துக்கம் கேட்கும்போது எவ்வளவு முயன்றும் ஒரு சொட்டு வரவில்லை. காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்ததும் வடைக்கும் பாயசத்துக்கும் பொலபொலவென்று கொட்டியது. வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பா மேல உங்களுக்கு இவ்வளவு பிரியம்னு தெரியாமப் போச்சே" என்றார். அவருடைய அப்பாவை நான் பார்த்ததே இல்லை. பழைய இலக்கணக்காரர்கள் அழுகைக்குச் சில காரணங்களை வகுத்து வைத்திருக்கிறார்கள். அவமானம், இழப்பு, நிலை தாழ்வது, வறுமை என்று. வடை அதில் வராது.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. முதலில் ஒரு கண் டாக்டர். கண்ணீர் வடிகிற குழாய் அடைத்திருக்கும் என்று ஊசி முனையால் உப்புத் தண்ணீர் விட்டு, "தொண்டைல கரிக்குதா?" என்று கேட்டார். கரித்தது. "அப்ப அடைப்பு இல்ல" என்றார். ஏதோ நான் ஏமாற்றிவிட்டது போல இருந்தது அவர் குரல். அடுத்தவர், பெங்களூரில் பாதிப் பேருக்குப் பார்த்தீனியம் செடி ஒத்துக்கொள்வதில்லை என்றார். காது மூக்கு தொண்டை டாக்டர் சைனஸ் என்றார். எல்லோரிடமும் சாப்பிடும்போதுதான் வருகிறது என்று சொன்னேன். எல்லோரும் காரத்தைக் குறையுங்கள் என்றார்கள். எல்லோரும் சோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். வெறும் வயிற்றில் என் கண் தார் ரோடு போலக் காய்ந்து கிடந்தது. முகம் கோணிய கதையை நானும் சொல்லவில்லை. அது முடிந்துபோன வேறு கதை என்று நினைத்தேன். முகம் நேராகிவிட்டதால் அவர்களும் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்புகளைப் பார்க்கிற ஒரு பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். மைசூர்க்காரர். நோயாளிகளிடம் கற்றுக்கொண்ட தமிழ். மத்தியானம் ஆகிவிட்டது, அவரும் சாப்பிடாமல் இருந்தார். நான் என் வரலாற்றைச் சொல்லி, தயிர் சாதம் வரை வந்து, என்னையறியாமல் சிரித்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை சிரிங்க."

சிரித்தேன்.

"சார், உங்களுக்கு முன்னாடி எப்பவாது முகம் கோணிக்கிட்டிருந்ததா?"

இருந்தது என்றேன்.

"யாருக்கும் ஹேளலியா?" என்று கேட்டு, தானே திருத்திக்கொண்டார். "யார் கிட்டயும் சொல்லலியா? சரி, நாளைக்கு வரும்போது சாப்பாடு எடுத்துக்கிட்டு வாங்க. இங்க என் முன்னாடி உக்காந்து சாப்பிடணும்."

அத்தனை டாக்டர்களில் என்னைச் சாப்பிடச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

இதை மாஸ்டரிடம் சொன்னது என் தவறு. கேரியரைத் தானே கட்டித் தருவேன் என்றார். பிறகு தானும் வருவேன் என்றார். அவருடைய சாம்பார் கோர்ட்டுக்குப் போகிறது, வாதாட ஆள் வேண்டாமா என்பது அவர் எண்ணம். மறுநாள் ஷட்டர் ஏற்றிய பிறகு பரிமாறுவதை உதவியாளர்களிடம் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் தண்ணீர் வைத்து வாரிக்கொண்டு, அடுக்குக் கேரியரை மடியில் வைத்தபடி ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்கள் அவரைத்தான் நோயாளி என்று நினைத்திருப்பார்கள். அவர்தான் கவலையாக இருந்தார்.

டாக்டர் என் இரண்டு கீழிமைகளிலும் ஒரு சின்னக் காகிதப் பட்டையை மாட்டினார். ஈரம் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்க்க. கண்ணிலிருந்து இரண்டு நாக்குகள் தொங்குகிற நிலையில், டாக்டர் மேஜையில், ஒரு பிளாஸ்டிக் கண் மாதிரிக்குப் பக்கத்தில் தட்டு வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். இரண்டு மூன்று வாய்க்குள் இடது பட்டை முழுக்க நனைந்து தொங்கியது. வலது பட்டை அப்படியே இருந்தது.

மாஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டார். "மேடம், இன்னிக்கு மொளகா ரெண்டே ரெண்டுதான் போட்டேன்."

"நீங்க யாரு?"

"சமையலு."

டாக்டர் ஆளை அனுப்பி ஆஸ்பத்திரிக் கேன்டீனிலிருந்து ஒரு பன் வாங்கிவரச் சொன்னார். வெறும் பன். காய்ந்தது. ஜாம் கிடையாது. புதுப் பட்டைகள் மாட்டிக்கொண்டு அதை மென்றேன். இடது பட்டை மறுபடி நனைந்தது.

"பன்னுக்கும் வருதா?" மாஸ்டர் எழுந்தே விட்டார். "பன்னுக்கே வருதே சார்! அப்ப நம்ம மேல தப்பு இல்ல!"

டாக்டர் விளக்கினார். முகத்து நரம்பு ஒரு கேபிள் மாதிரி. உள்ளே நிறைய ஒயர். சில ஒயர் தசைக்கு, சில எச்சில் சுரப்பிக்கு, சில கண்ணீர் சுரப்பிக்கு. அடிபட்ட நரம்பு திரும்ப வளரும்போது எச்சிலுக்குப் போக வேண்டிய ஒயர் வழி தப்பிக் கண்ணீர்ப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. ரொம்ப அபூர்வம். வாயில் ஊற வேண்டிய நேரத்தில் கண்ணில் ஊறுகிறது. இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பெயர் முதலைக் கண்ணீர். முதலை இரையைத் தின்றுகொண்டே அழும் என்று யாரோ ஒரு காலத்தில் நம்பியதால். வீட்டில் இந்தப் பெயரைச் சொன்னபோது என் மனைவி, "பாத்துத்தான் வெச்சிருக்காங்க" என்றாள்.

மாஸ்டர் கேட்டார். "மேடம், அப்ப சாரு அழுதா, அவுரு நாக்குல தண்ணி ஊறுதுன்னு அர்த்தமா?"

"அப்படியும் சொல்லலாம்."

மாஸ்டர் கேரியரைத் துடைத்து அடுக்கினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஏறுகிறவர்களுக்கெல்லாம் இடம் விட்டார்.

வைத்தியமும் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி. கண்ணீர் சுரப்பிக்குள் ஒரு மருந்தைத் துளியூண்டு ஏற்றினால் சில மாதங்களுக்குச் சுரப்பி பேசாமல் இருக்கும். பிறகு மறுபடி போட வேண்டும். அந்த மருந்து என்னவென்று கேட்டேன். கெட்டுப்போன டப்பா உணவில் உண்டாகிற ஒரு விஷம். அதை மிக மிகக் குறைத்துக் கொடுப்பது. சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு வைத்த ஆளுக்கு, சாப்பாட்டு விஷத்தையே மருந்தாக ஏற்றுகிறார்கள். இதைக் கட்டுரையாக எழுதினால் மிகையாக இருக்கிறது என்று ஆசிரியர் திருப்பி அனுப்புவார். செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தேன்.

நான் எதிர்பார்க்காதது, யாரும் நம்பாதது. செயலாளரிடம் ஒயர், கேபிள் எல்லாம் கையை ஆட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எச்சி நரம்பு கண்ணுக்குப் போய்ட்ச்சு."

"ஆமாம்."

"அதனால சாப்ட்டா அழுவாச்சி வருது."

"ஆமாம்."

"சார், நீங்க பேப்பர்ல எழுதறதெல்லாம் நான் பட்ச்சிருக்கேன்" என்று சிரித்தார். "இது அதவிட நல்லா கீது."

அவர் என் கட்டுரையைப் பாராட்டியது அது ஒரு முறைதான். டாக்டர் சர்டிஃபிகேட் காட்டுகிறேன் என்றேன். லீவு போடுவதற்காகத் தொழிலாளர்களுக்குச் சர்டிஃபிகேட் ஏற்பாடு செய்து கொடுத்து அனுபவப்பட்டவர் அவர். அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று கையால் காட்டினார். மாஸ்டர் சாட்சி சொன்னார். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவர் எதையும் சொல்வார் என்று விட்டுவிட்டார்கள். பர்சனல் மேனேஜர் இன்னும் நாசூக்கானவர். "மாஸ்டரைக் காப்பாத்தணும்னு நினைக்கிறது உங்க நல்ல மனசு" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை அந்த கான்ட்ராக்டர் சாப்பாடு கொண்டுவருகிறார், கேன்டீன் கமிட்டி முன்னால் இரண்டையும் ருசி பார்த்து அன்றைக்கே முடிவு செய்துவிடலாம் என்றார். வழக்கப்படி முதல் வாய் என்னுடையது.

மாஸ்டர் அன்று சாயங்காலம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அந்த ஊசி செவ்வாக்கெயமதானே சார்?"

"ஆமாம் மாஸ்டர். வெள்ளிக்கிழமைக்குள்ள கண்ணு காஞ்சுடும். நிம்மதியா இருங்க."

அவர் நிம்மதியாக இருக்கவில்லை. "இத்தினி நாளா என் சமையலுக்கு அழுதுட்டு, அவன் சாப்பாட்டுக்கு மட்டும் அழுவாம இருந்தீங்கன்னா இன்னா நெனப்பாங்க சார்?"

இது எனக்குத் தோன்றவே இல்லை.

"வெள்ளிக்கெயமைக்கு அப்பறம் போட்டுக்கலாமா சார்?" என்றார். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஒரு நோயை இன்னொருவருடைய வேலைக்காக இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்வது தியாகமா, மோசடியா என்று யோசித்தேன். தியாகம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எனக்கு ஆகிற செலவு ஒரு கைக்குட்டை. மோசடி என்றால், உண்மையை எல்லோரிடமும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிட்டுச் செய்கிற மோசடியை நான் கேள்விப்பட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நாளை மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை வேனில் பெரிய ஸ்டீல் டிரம்கள் வந்து இறங்கின. கான்ட்ராக்டர் ஆட்கள் தலையில் வலைத்தொப்பி போட்டிருந்தார்கள். மேனேஜர் அதைக் கவனித்தார். எங்கள் மாஸ்டர் தோளில் எப்போதும் போல ஒரு துண்டு. கமிட்டி நீளமான மேஜையில் வரிசையாக உட்கார்ந்தது. நான் எழுந்து, எனக்கு இருக்கிற கோளாறு இன்னது, நான் அழுதால் அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது, தயவுசெய்து என் கண்ணைப் பார்க்காதீர்கள் என்று தமிழிலும் கன்னடத்திலும் சொன்னேன். சொன்ன உடனே எல்லோரும் என் கண்ணைப் பார்த்தார்கள்.

முதலில் மாஸ்டருடைய சாம்பார். இடது கண் வழிந்தது. துடைத்துக்கொண்டேன், மறுபடி வழிந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. பிறகு கான்ட்ராக்டருடைய சாம்பார். நல்ல நிறம், மேலே எண்ணெய் மிதந்தது, கொஞ்சம் வெல்லம் தூக்கல். கமிட்டி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. மாஸ்டர் சுவரோரம் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். கண்ணீர் வரும் என்று எனக்குத் தெரியும்; பன்னுக்கே வந்தது. ஆனாலும் மென்றுகொண்டிருந்தபோது, இந்த ஒரு தடவை மட்டும் வராமல் போய்விடுமோ என்று இருந்தது. அழுகை வர வேண்டுமே என்று நான் காத்திருந்தது அன்றைக்குத்தான்.

வந்தது. மெதுவாக நிறைந்து, இமையில் நின்று யோசித்துவிட்டு, கன்னத்தில் இறங்கியது.

வலைத்தொப்பிக்காரர் ஒருவர், "சார், ஸ்பைஸி கம்மிதான் போட்டது" என்றார். கிட்டத்தட்ட அதே வார்த்தையை நாங்கள் மாஸ்டர் வாயிலும் கேட்டிருக்கிறோம்.

செயலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "சார், இவுருக்கும் அழுவுறாரு, அவுருக்கும் அழுவுறாரு. எப்படியும் அழுவுறதுன்னு ஆயிட்ச்சின்னா, சும்னே எதுக்கு மாத்தணும்? நம்ம ஆளு சமையலுக்கே அழுவட்டும்!"

மேஜை முழுவதும் சிரிப்பு. மேனேஜரும் சிரித்துவிட்டார், சிரித்த பிறகு கண்டிப்பாக முடிவெடுப்பது கஷ்டம். விஷயத்தைப் பிறகு பரிசீலிக்கலாம் என்றார். அரசாங்கத் தொழிற்சாலையில் பிறகு என்றால் என்னவென்று அந்த கான்ட்ராக்டருக்கும் தெரிந்திருந்தது. டிரம்களை வேனில் ஏற்றச் சொன்னார். என் நோயை அன்றைக்கும் யாரும் நம்பவில்லை. நான் பொதுவாகவே சாப்பாட்டைப் பார்த்து அழுகிற ஆள் என்று ஒரு முடிவுக்கு வந்து, அதை ஏற்றுக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு மாஸ்டர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "என்னுதுக்கு ரெண்டு தடவ தொடச்சீங்க சார். அவனுதுக்கு ஒரு தடவதான்."

அடுத்த வாரம் ஊசி போட்டுக்கொண்டேன். சொட்டு மருந்து விட்டு மரத்துப்போன பிறகு, மூக்கைப் பார்க்கச் சொல்லி, மேலிமையைத் தூக்கிப் பிடித்துக் குத்தினார்கள். வலி அதிகமில்லை. இடது இமை மட்டும் சில நாட்களுக்குப் பாதி இறங்கி நின்றது. ஆபீஸ் நேரத்தில் தூங்குகிறான் என்று பெயர் வந்தது. பாதித் தூக்கம்தான் என்பதால் மெமோ கொடுக்கவில்லை.

கண் காய்ந்துவிட்டது என்று நான் மாஸ்டரிடம் சொன்ன மறுநாள் சாம்பார் சிவப்பாக இருந்தது. அவர் மிளகாயைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டார். இத்தனை மாதங்கள் விட்டுப்போனதற்கும் சேர்த்தே போட்டிருந்தார் என்று நினைக்கிறேன். ருசி பார்க்க உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே காது சுட்டது. மூக்கு ஒழுகியது. வலது கண்ணிலிருந்து நீர் வழிய ஆரம்பித்தது. இடது கண், மருந்தின் தயவில், இமையைப் பாதி இறக்கிக்கொண்டு இதெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லை என்று உட்கார்ந்திருந்தது.

செயலாளர் உற்றுப் பார்த்தார். "இன்னா சார், கண்ணு மாறிட்ச்சு?"

"இது நிஜமாவே காரம்" என்றேன்.

"அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க" என்று எழுந்து போய் ஷட்டரைத் தூக்கச் சொன்னார். வெளியே வரிசையில் நின்றவர்கள் வாசனையிலேயே தும்மினார்கள்.

மாஸ்டர் கரண்டியோடு வந்து என் முகத்தைக் குனிந்து பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். பிறகு விரலை நீட்டி வலது கன்னத்தைக் காட்டினார்.

"இந்தத் தண்ணி என்னுது சார்" என்றார்.